அத்தைக்கும் எனக்கும் பத்து நாள் லீவு

சேலையூர்,
மார்ச் 4.

அன்புள்ள மகன் மெர்வினுக்கு அம்மா எழுதுவது. தேவ கிருபையால் நீயும் கெசியாவும் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தக் கனடாக் குளிரில் சளி இருமல் இல்லாமல் சுகமாயிருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். இங்கே உன் அத்தை சுகம். நான் எப்படி இருக்கிறேன் என்பது ஒரு வரியில் அடங்காது, அதனால்தான் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வீடியோவில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ வீடியோவில் “எப்டிம்மா இருக்கீங்க” என்று கேட்கும்போது பக்கத்துக் கட்டிலில் உன் அத்தை படுத்திருக்கிறார், எண்பத்துநாலு வயதில் கால் போனதே தவிர காது போகவில்லை, “நல்லா இருக்கேன்பா” என்பதைத் தவிர நான் வேறு என்ன சொல்ல முடியும். கெசியாவின் பெரியம்மா மகள் பத்தாம் தேதி அங்கே வருகிறாளாம், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் படி. ஆபீசில் வைத்து அரைகுறையாகப் படிக்காதே.

முதலில் உன்னிடம் இருக்கிற கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு மற்றதை எழுத முடியாது. கிறிஸ்துமஸுக்கு நீ ஆன்லைனில் அனுப்பிய கால் அமுக்குகிற மெஷின் வந்து சேர்ந்தது, சந்தோஷம், அது இப்போது வராந்தாவில் வீல்சேர் திரும்புகிற இடத்தில் நிற்கிறது, தினமும் அதில் இடித்துக்கொள்கிறேன். அதில் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார வேண்டுமாம். ஜனவரியில் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டுரையும் அனுப்பினாய், முதியோரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் தங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும், தினம் அரை மணி நேரம் நடக்க வேண்டும், பிடித்த பாட்டுக் கேட்க வேண்டும் என்று. அந்த அரை மணி நேரம் கட்டிலில் இருப்பவரை யார் பார்ப்பார்கள் என்று மட்டும் அதை எழுதினவர் எழுதவில்லை. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் எழுதுகிறேன், தெரிந்த மாதிரி நீ நடந்துகொள்ளவில்லை. உன் அப்பா போய் ஆறு வருடம். அவருடைய அக்கா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மூன்று வருடம். கல்யாணம் கட்டாமல் நர்ஸ் வேலை பார்த்து தம்பிகள் இரண்டு பேரையும் படிக்க வைத்தவர், நான் கணக்கு டீச்சராகப் பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்தில் உன்னையும் வளர்த்தவர், அதை நான் மறக்கவில்லை, யாரும் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டாம். ஆனால் காலை ஐந்து மணிக்குத் துடைத்து, துணி மாற்றி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்து, பெட்பேன் வைத்து எடுத்து, கஞ்சி கொடுத்து, மாத்திரை கொடுத்து, அதற்கு நடுவில் நான் குளித்துச் சாப்பிடுவது மூன்று வருடமாக நடக்கிறது, எனக்கு அறுபத்தாறு வயது. உன் ஜெரோம் சித்தப்பா தன் பங்குக்கு ஒரு வயர் இல்லாத காலிங் பெல் வாங்கிக் கொடுத்தார். அத்தை பொத்தானை அழுத்தினால் எந்த அறையில் இருந்தாலும் குருவி கத்துகிற மாதிரி கேட்கும். இப்போது நிஜமாகவே குருவி கத்தினாலும் நான் எழுந்து ஓடுகிறேன்.

ஆள் வைக்கலாமே என்று நீயும் கெசியாவும் ஒவ்வொரு போனிலும் சொல்கிறீர்கள். ஏழு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி தங்கமான பெண், கல்யாணமாகிப் போய்விட்டாள். இரண்டு பேர் சொல்லாமல் நின்றுவிட்டார்கள். மற்ற நான்கு பேரை உன் அத்தையே அனுப்பினார், ஒருத்தி கை கழுவாமல் தொட்டாள், ஒருத்தி போனைப் பார்த்துக்கொண்டே சோறு ஊட்டினாள். சபையிலோ எல்லோருக்கும் என்னைப் பற்றிப் பெருமை. போதகரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு “உங்களுக்குப் பரலோகத்துல பெரிய கிரீடம் இருக்குக்கா” என்றார். கிரீடம் இருக்கட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வந்து உட்காருகிறீர்களா என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. புகழ்ந்துவிட்டால் அதற்குப் பிறகு உதவி கேட்க வாய் வராது, அதுதான் புகழ்ச்சியில் இருக்கிற தந்திரம்.

இனி எழுதப்போவது உன்னைத் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், காலை பத்து மணி இருக்கும், மூன்றாவது முறையாகப் படுக்கை விரிப்பு மாற்றினேன். அத்தை படுத்தபடியே பார்த்துவிட்டு “மூலை சரியா மடிக்கல ரத்தினா, சுருக்கம் விழுந்தா முதுகுல புண்ணு வரும்” என்றார். சரியான பேச்சுதான், நர்ஸ் பேச்சு. எனக்கு என்ன வந்ததோ தெரியாது, விரிப்பைக் கையில் பிடித்தபடியே “இன்னும் எத்தன நாளைக்கு?” என்று கேட்டுவிட்டேன். விரிப்பைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் கொஞ்சம்கூட முகம் மாறாமல் “அது என் கையில இல்லியேம்மா” என்றார். அடுத்து நான் செய்ததைக் கேள். பர்ஸை எடுத்தேன், செருப்பை மாட்டினேன், வீட்டை வெளியில் பூட்டினேன், கேம்ப் ரோடு போய் ஷேர் ஆட்டோவில் ஏறி தாம்பரம் வந்தேன், வந்த பஸ்ஸில் ஏறினேன், பெருங்களத்தூரில் எல்லோரும் இறங்கினார்கள் என்று நானும் இறங்கினேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம், மூட்டையும் முடிச்சும் பிள்ளைகளுமாக ஜி.எஸ்.டி. ரோட்டையே அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நெரிசலில் யாருக்கும் என்னைத் தெரியாது, யாரும் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றேன். ஒரு திருச்சி பஸ் வந்தது, கண்டக்டர் என்னைப் பார்த்து “திருச்சியாம்மா? ஏறும்மா, முன்னாடி எடம் கீது” என்றான். நான் ஆமாம் என்றேன், மெர்வின். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். கம்பியைப் பிடிக்கப் போனால் கையில் வீட்டுச் சாவி. உள்ளே இருக்கிறவருக்கு எழுந்து கதவைத் திறக்க முடியாது, தீப்பிடித்தால்கூட முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. “இன்னாம்மா, ஏறுறியா இல்லியா” என்று அவன் கத்த, நான் இறங்கி ரோட்டைத் தாண்டி ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன்.

கதவைத் திறக்கும்போது மணி ஒன்று. மூன்று மணி நேரம். தண்ணீர் பாட்டில் தரையில் உருண்டு கிடந்தது, அவர் கைக்கு எட்டவில்லை. படுக்கை முழுக்க நனைந்திருந்தது. காலிங் பெல்லைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார், அழுத்தினாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அழுதுகொண்டே துடைத்தேன், துணி மாற்றினேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். தண்ணீர் குடித்து முடித்த பிறகு அவர் பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “முப்பத்தாறு வருஷம் வார்டுல இருந்தேன். மாத்திவிட ரிலீவர் வரலைன்னா ஒரு ஷிப்டு சேத்து பாப்போம், பல்லைக் கடிச்சிட்டு ரெண்டு ஷிப்டு பாப்போம். மூணாவது ஷிப்டு பாத்தா மருந்து மாறும். மாத்தினவ கெட்டவ இல்ல, தூங்காதவ. நான் ஹெட் நர்ஸா இருந்தப்ப அவளத் திட்ட மாட்டேன், ரிலீவர் அனுப்பாத ஆபீஸ்ல போய் சண்ட போடுவேன். நீ மூணு வருஷமா ஒரே ஷிப்டு பாக்கற. நீ யார்கிட்ட போய் சண்ட போடுவ?” என்றார். நான் உங்களை எங்கே விடுவது என்றேன். “எங்கயாவது விடு. எனக்கும் உன் மூஞ்சியிலேருந்து லீவு வேணும். காலையில எழுந்தா நீ உர்ருன்னு நிக்கற, எனக்கு ஒரு தண்ணி கேக்கவே பயமா இருக்கு” என்றார். மூன்று வருடமாக அத்தை மனசு கஷ்டப்படும், அத்தை வீட்டை விட்டு இருக்க மாட்டார் என்று நீயும் நானும் சித்தப்பாவும் மாறி மாறிப் பேசினோமே, ஒருவராவது அவரிடம் கேட்டோமா? தண்ணீர் கேட்கப் பயந்துகொண்டு கிடந்திருக்கிறார், என் வீட்டில்.

கோவிலம்பாக்கத்தில் மெஹ்ரீன் என்று ஒரு பெண், அவளும் நர்ஸ்தான், நாற்பது வயதுக்குள் இருக்கும், தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் எட்டுக் கட்டில் போட்டு வயதானவர்களைப் பத்து நாள், பதினைந்து நாள் என்று வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் சொல்லித்தான் தெரியும். போய்ப் பார்த்தேன். நாற்றம் இல்லை, அதுதான் நான் முதலில் பார்த்தது. அவள் அப்பாவைப் படுக்கையில் ஐந்து வருடம் தனியாகப் பார்த்தாளாம். “எனக்கு அப்ப இந்த மாதிரி ஒரு எடம் இருந்திருந்தா எங்க அத்தாகிட்ட இன்னும் கொஞ்சம் நல்லபடியா பேசியிருப்பேன் ஆன்ட்டி” என்றாள். வேறு எதுவும் நான் விசாரிக்கவில்லை, பத்து நாளைக்கு ஒரு கட்டில் சொல்லிவிட்டு வந்தேன்.

விஷயம் எப்படியோ கீழ்க்கட்டளையில் உன் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டது. மறு ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு உன் சித்தப்பாவும் ஜீவரத்தினம் சித்தியும் ஆப்பிள் ஆரஞ்சு எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள், கிறிஸ்துமஸுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வருகிறார்கள். கீழ்க்கட்டளை என்ன கண்டம் தாண்டியா இருக்கிறது, அரை மணி நேரம். சித்தப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறார், “நம்மள படிக்க வெச்ச அக்காவ ஹோம்ல விடறதா அண்ணி, ஊர் என்ன சொல்லும்” என்கிறார். அங்கே ஜெபம் பண்ண விடுவார்களா என்று சித்திக்குக் கவலை. சரி தம்பி, அந்தப் பத்து நாளும் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், நானே கொண்டுவந்து விடுகிறேன், துணிமணி மருந்து எல்லாம் எழுதித் தருகிறேன் என்றேன். அழுகை சட்டென்று நின்றது. சித்தி, “எங்களுது மாடி வீடு, லிப்ட் இல்லயே” என்றாள். பிறகு அவள் மகனுக்குப் பிளஸ் டூ பரீட்சை என்றாள். சித்தப்பா, பாத்ரூமில் டைல்ஸ் வேலை நடக்கிறது என்றார். எல்லாமே நிஜமாகத்தான் இருக்கும், நான் பொய் என்று சொல்லவில்லை, என் வீட்டிலும் மூன்று வருடமாக எல்லா நிஜமும் இருக்கிறது. அப்போதுதான் உன் அத்தை, “ஜெரோம், அழறத நிறுத்து. எனக்குத் திருப்பிப் போட ஆள் வேணும், அழறதுக்கு ஆள் வேணாம். நான் போறேன்னு நான்தான் சொன்னேன்” என்றார். இரண்டு பேரும் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். ஆப்பிள் நன்றாக இருந்தது.

பிப்ரவரி ஐந்தாம் தேதி கொண்டுபோய் விட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, நான்தான் கேட் அருகே நின்றுகொண்டு மாத்திரைச் சீட்டை மூன்றாம் தடவை மெஹ்ரீனுக்கு விளக்கினேன். வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. எவ்வளவு எரிச்சல் தெரியுமா, மூன்று வருடமாகத் தூக்கத்துக்கு ஏங்கிவிட்டு, கிடைத்த அன்றைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடம்பு தானாக எழுந்துகொள்கிறது. மூன்றாம் நாள்தான் தூங்கினேன், பதினொரு மணி நேரம், செத்துப்போனவள் மாதிரி. அப்புறம் என்ன செய்தீர்கள், எங்கே டூர் போனீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்கேயும் போகவில்லை. ஒரு வருடமாக ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தேனே, அந்தப் பல்லைப் பிடுங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆசீர்வாதம் கூறி முடிக்கிற வரைக்கும் கோவிலில் உட்கார்ந்திருந்தேன். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பிளஸ் டூ கணக்கு வினாத்தாள் புத்தகம் ஒன்று வாங்கினேன். சாப்பாட்டு மேசையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஒரு முழுத் தாளையும் போட்டு முடித்தேன். நடுவில் யாரும் கூப்பிடவில்லை. இரண்டு கணக்கு தப்பு, ஒன்று கவனக்குறைவு, ஒன்று மறந்தே போய்விட்டது. அன்றைக்குப் பட்ட சந்தோஷம் உன் மெஷினில் கிடைக்காது. ஆறாம் நாள் பார்க்க வரட்டுமா என்று மெஹ்ரீனுக்குப் போன் பண்ணினேன். “வராதீங்க ஆன்ட்டி, நீங்க வந்தா ரெண்டு பேருக்கும் லீவு கட் ஆயிடும்” என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் போகவில்லை.

எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதி உன்னை ஏமாற்ற மாட்டேன். கூட்டிவரப் போனபோது அத்தை கொஞ்சம் மெலிந்திருந்தார், இருமல் இருந்தது, அந்த இருமலைப் பிடித்துக்கொண்டு சித்தி இன்னும் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். நாலாம் நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போகணும் என்று அழுதார் என்று மெஹ்ரீன் தனியாகச் சொன்னாள். அத்தையைக் கேட்டால், நான் ஏன் அழறேன், அது பக்கத்து பெட்டு என்கிறார். ஆனால் அங்கே வேலை பார்க்கிற பெண்கள் மூன்று பேருக்கும் விரிப்பின் மூலை மடிக்கவும், நோயாளிக்கு வலிக்காமல் திருப்பிப் போடவும் கற்றுக்கொடுத்திருக்கிறார், அவர்கள் “சிஸ்டரம்மா, எப்ப திரும்ப வருவீங்க” என்று கார் வரைக்கும் வந்தார்கள். வீட்டுக்கு வந்து படுக்கவைத்தேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு “ரத்தினா, தண்ணி குடு” என்றார். கேட்டுவிட்டார், பார். நான் கொடுத்தேன். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஓரளவு மனுஷர்களாகப் பேசிக்கொள்கிறோம். எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று தெரியாது, பத்து நாள் ஓய்வு மூன்று வருடத்தைக் கழுவிவிடாது. போன வியாழக்கிழமை மறுபடியும் கத்திவிட்டேன். ஆனால் பூட்டிக்கொண்டு போகவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் பதினொன்றாம் தேதி வந்து மூன்று வாரம் இருப்பேன் என்று சொல்லி, நாளுக்கு நாள் கட்டம் போட்ட அட்டவணையும் அனுப்பியிருக்கிறாய். மகாபலிபுரம், கொடைக்கானல், நாகர்கோவிலில் கெசியா வீடு, நண்பன் வீட்டுக் கல்யாணம், நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை “அத்தையோடு டைம்”. அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன். மெஹ்ரீன் வீட்டில் ஏப்ரல் முழுக்கக் கட்டில் இல்லை, நான் கேட்டுவிட்டேன், என்னைப் போல எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. பணம் அனுப்பட்டுமா என்று கேட்காதே. எனக்குப் பென்ஷன் வருகிறது, அத்தைக்கும் வருகிறது. ஆள்தான் வரவில்லை. கெசியாவும் பிள்ளைகளும் நாகர்கோவில் போய் அவள் அம்மாவோடு இருக்கட்டும், அந்தத் தாயாருக்கும் ஆசை இருக்கும். நீ சேலையூரில் இரு. துடைத்துத் துணி மாற்றுவதற்குக் காலையும் மாலையும் மெஹ்ரீன் அனுப்பும் ஒரு பெண் வருவாள், அதைப் பற்றிப் பயப்படாதே. திருப்பிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, மாத்திரை, கூப்பிட்டால் போவது எல்லாம் நீ. அத்தையிடம் கேட்டுவிட்டேன், இந்த முறை முதலில் அவரிடம்தான் கேட்டேன். “வரட்டும், அவன் மூத்திரத் துணிய நான் அலசலையா” என்றார், சிரித்தார்கூட. தூக்க நேரம் மாறிப்போயிருக்கும் என்று சொல்வாய். நல்லதுதான், ராத்திரி விழித்திருக்க உதவும்.

நான் ஏற்காட்டில் எட்டு நாளைக்கு ஒரு அறை சொல்லிவிட்டேன். ஓய்வு பெற்ற ஆசிரியைகள் தங்குகிற இடம், சாப்பாடு அவர்களே போடுவார்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, எந்தக் கல்யாணமும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. யாராவது கேட்டால் அம்மா சும்மா போயிருக்கிறாள் என்று சொல். சும்மா என்கிற சொல்லை அழுத்திச் சொல். நீ வந்து இறங்குகிற அன்றைக்கு வஞ்சிர மீன் குழம்பு வைத்து, உன்னைப் பார்த்து, பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு வீட்டில் இருப்பேன். மறுநாள் காலை எனக்குச் சேலத்துக்கு ரயில், டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் போகும்போதும் வரும்போதும் காத்து, கையின் வேலைகளை ஆசீர்வதிப்பாராக. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கெசியாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, அவளுக்குப் புரியும். கிளம்புவதற்கு முன்னால் மறக்காமல் கை நகத்தையெல்லாம் ஒட்ட வெட்டிக்கொண்டு வா, அத்தை முதலில் அதைத்தான் பார்ப்பார்.

உன் அன்புள்ள அம்மா,
ரத்தினபாய்